அப்பா அம்மாவின் உயில்: கும்பகோணம் பயணத்தில் முடித்த வேலைகள்

இந்த முறை ஊருக்குப் போனதே பத்திர வேலைக்காகத்தான். அப்பா அம்மா இருவருக்கும் எண்பது வயதாகப் போகிறது. நான் நியூ ஜெர்சியில், தங்கை பெங்களூரில். வெளிநாட்டில் இருக்கும் பலருக்கும் இதே நிலைமைதான் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓர் ஆவண எழுத்தரிடம் போனோம். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "உயில் எதுக்கு சார்? ஐயா பேர்ல இருக்கறத உங்க ரெண்டு பேருக்கும் செட்டில்மென்ட் போட்டுடலாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார். செட்டில்மென்ட் என்றால் சொத்தை உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. செலவும் அதிகமில்லை. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அப்பா தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. செட்டில்மென்ட் பதிவானால் வீடு அன்றே கைமாறிவிடும். அப்புறம் சொந்த வீட்டிலேயே பிள்ளைகள் தயவில் இருக்க வேண்டியதுதான். நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம், சரி. எங்களில் ஒருவர் முந்திப் போய்விட்டால்? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த ஒரு தாய்க்கு அதுதான் நேர்ந்தது. மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் முறையிட்டார். பத்திரம் ரத்தானது, 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அது சரி என்றது.

இதற்கு வழிசெய்வது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால்தான் அந்தப் பிரிவு செல்லும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. தங்கள் வழக்கு எந்தப் பக்கம் போகும் என்று அந்த வயதில் கோர்ட்டு வாசலில் காத்திருக்கவா முடியும்? செட்டில்மென்ட்தான் வேண்டும் என்பவர்கள், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நாங்கள் ஒரு வக்கீலை வைத்து உயிலே எழுதினோம். உயில் இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பிறகு வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் என்று அவர் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவளுக்கு முழுசா எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினோம், அம்மா முந்திவிட்டால் எங்கள் இருவருக்கும் சமமாக. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் மட்டும் கட்டாயம். இருந்தாலும் பதிவு செய்தோம். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பாவின் பெருவிரல் ரேகை கருவியில் விழவேயில்லை. வயதாகித் தேய்ந்துபோன விரல். அங்கிருந்த பெண் ஊழியர் ஈரத்துணியால் அவர் விரலைத் துடைத்து, "அவசரமில்ல ஐயா, மெதுவா அழுத்துங்க" என்று தன் கையாலேயே பிடித்து வைத்தார். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

அம்மாவுக்கும் தனி உயில் வேண்டியிருந்தது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் வெளியே போக முடியாது. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்ய பதிவுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. மருத்துவர் சான்றோடு மனுக் கொடுத்து, தனிக் கட்டணமும் கட்டினோம். வந்த அதிகாரி எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, "யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?" என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டார். வாசலில் நின்ற எனக்கு அது பெரிய நிம்மதி. இப்படி ஒரு வசதி இருப்பது எங்கள் தெருவில் பலருக்கும் தெரியவில்லை.

நமக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில், நினைவு தப்பினாலும் செல்லும்படி பவர் எழுதி வைக்கலாம். இந்தியச் சட்டத்தில், கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் காலாவதி. பிறகு பாதுகாவலர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். ஆகவே பவரை மட்டும் நம்பாமல், இருவரின் வங்கிக் கணக்கிலும் தங்கையைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தோம். யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் இருப்பதால் மருந்துச் செலவு நிற்காது. நாமினி பெயரும் போட்டாயிற்று. ஆனால் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான், உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அதனால் வங்கிப் பணம் யாருக்கு என்பதையும் இரண்டு உயில்களிலும் எழுதச் சொன்னோம்.