வீட்டு சுகர் ஸ்ட்ரிப்பை எவ்வளவு நம்பலாம்? பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

"லேபில் 138, வீட்டு மெஷினில் 155. ஸ்ட்ரிப் போலியா?" சுகர் உள்ளவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எங்கள் வீட்டில் எனக்கு மாத்திரை, அம்மாவுக்கு இன்சுலின். பத்து வருடத்துக்கும் மேலாக மதுரையில் இருந்துகொண்டு, வேறு வேறு கம்பெனி மீட்டர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 138-க்கும் 155-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஸ்ட்ரிப்பைக் குறை சொல்ல முடியாது. கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு.

முதலில் கம்பெனிகள் எதற்கு உத்தரவாதம் தருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரவிதியின் 2013 பதிப்புப்படி, சுகர் 100-க்கு மேல் இருந்தால் லேப் அளவிலிருந்து 15 சதவீதம் கூடலாம், குறையலாம். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரை. அதுவும் நூற்றுக்கு 95 முறை இதற்குள் வந்தால் போதும். அதாவது உண்மையில் 200 இருக்கும்போது மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேறிய மீட்டர்தான். ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு முறை குத்தி 148, 161 என்று வந்தால் பதறத் தேவையில்லை.

ஆனால் தரவிதி இருப்பதாலேயே எல்லா மீட்டரும் அதைக் காப்பாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் டயபட்டிஸ் டெக்னாலஜி சொசைட்டி என்ற அமைப்பு, அனுமதி பெற்று விற்பனையில் இருந்த 18 மீட்டர்களைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. தேறியவை 6 மட்டுமே. அதனால்தான் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மீட்டர் வாங்காதீர்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன்.

அடுத்தது கை. எங்கள் வீட்டில் ஒரு மாம்பழக் காலத்தில் நடந்தது. அம்மா பழத்தைத் தோல் சீவி நறுக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மீட்டர் 260-க்கு மேல் காட்டியது. இன்சுலினைக் கூட்ட வேண்டுமோ என்று அவர் பயந்துவிட்டார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 150-ஐ ஒட்டி வந்தது. ஜப்பானில் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் அளவு கூடுதலாகத்தான் காட்டியது, தண்ணீரில் கழுவிய பிறகே சரியானது. ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு கடுகளவு ரத்தம் கூட இல்லை. அதில் துளி மாம்பழச் சாறு கலந்தாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். கை ஈரமாக இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறையும், அதனால் துடைப்பதும் முக்கியம். விரலை அழுத்திப் பிழிய வேண்டாம். ரத்தம் வரவில்லையா, கையைத் தொங்கவிட்டு உதறிவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள்.

அப்புறம் ஸ்ட்ரிப் டப்பா. ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு என்சைம் பூச்சு இருக்கிறது. பெரும்பாலான மீட்டர்களில் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் அதோடு வினைபுரியும்போது சின்னதாக மின்சாரம் உண்டாகும், அதை அளந்துதான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. காற்றில் உள்ள ஈரம் பட்டால் இந்தப் பூச்சு திறந்து வைத்த அப்பளம் போல நமத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஒன்றை எடுத்த உடனே மூடிவிட வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. பல கம்பெனிகள் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கின்றன. கத்திரி வெயிலில் நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். அதற்காக ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், எடுத்துத் திறக்கும்போது உள்ளே வியர்க்கும். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத உள் அறை அலமாரிதான் அதன் இடம். ஸ்கூட்டர் பெட்டி, கார் டாஷ்போர்டு வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஆன்லைனில் வாங்கிய டப்பா மே மாதத்தில் நாலைந்து நாள் எங்கெங்கோ சுற்றி வந்து சேர்ந்தது. அந்த டப்பா தீரும்வரை அளவுகள் முன்னுக்குப் பின் முரணாகவே இருந்தன. வெயிலால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து தெருமுனை மருந்துக்கடையில்தான் வாங்குகிறேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு குறைந்தால் ஸ்ட்ரிப்புக்குள் குளுக்கோஸ் வேகமாகச் சென்று சேர்வது ஒரு காரணம். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8 வரை இறங்கியிருந்த சமயம், உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, "கண்ணு இருட்டுதுப்பா" என்றார். மீட்டர் 88 காட்டியது. எண்ணைப் பார்த்தால் லோ சுகர் இல்லை. அறிகுறிகள் எல்லாமே லோ சுகருக்கு உரியவை. எண்ணை ஒதுக்கிவிட்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் தெளிந்தார். டாக்டர் மீட்டரின் விவரத்தாளைக் கொண்டு வரச் சொன்னார். அதில் ஹீமாடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 30 முதல் 55 வரை என்று போட்டிருந்தது. ஹீமோகுளோபின் 8 என்றால் ஹீமாடோகிரிட் ஏறக்குறைய 24. அந்த மீட்டர் அம்மாவுக்குப் பொருந்தவே இல்லை. இப்போது 10 முதல் 65 வரை, சிலவற்றில் 0 முதல் 70 வரை தாங்கும் மீட்டர்கள் கிடைக்கின்றன. இன்சுலின் போடும் வயதானவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் மீட்டர் வாங்காதீர்கள். மூன்று மாத சராசரி சொல்லும் எச்பிஏ1சி-யையும் ரத்தசோகை குழப்பும் என்பதால், அதை வைத்து மட்டும் ஆறுதல் அடைய முடியாது.

லேபோடு ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள். மீட்டரை லேபுக்கே எடுத்துப் போய், அங்கே ஊசி போட்டு ரத்தம் எடுத்த கையோடு விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சுகர் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். லேப் எண்ணும் எப்போதும் சரி என்று சொல்ல முடியாது. எடுத்து வைத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு டியூப். அதிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர்களிடம் எத்தனை மணிக்கு லேபில் சேர்ப்பீர்கள் என்று நான் கேட்காமல் விடுவதில்லை.

ஸ்ட்ரிப் கெட்டுவிட்டதா என்று பார்க்க கன்ட்ரோல் சொல்யூஷன் என்ற திரவம் உண்டு. ஒரு சொட்டு வைத்தால் டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் எண் வர வேண்டும். எங்கள் பகுதியில் கேட்காத கடை இல்லை. "அதையெல்லாம் யாரும் கேக்கிறதில்ல சார்" என்கிறார்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசித்தான் வரவழைத்தேன். ஒரு ஸ்ட்ரிப்புக்குப் பத்து முதல் இருபத்தைந்து ரூபாய் வரை கொடுக்கிறோம், அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் வசதி ஒவ்வொரு மருந்துக்கடையிலும் இருக்க வேண்டும். நீங்களும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் வரவழைத்து வைப்பார்கள்.

வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் பார்ப்பவர்கள் 50 ஸ்ட்ரிப் டப்பா வாங்காதீர்கள். பல டப்பாக்கள் திறந்து மூன்று மாதம்தான் தாங்கும், சில ஆறு மாதம். 25 போதும். திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.