தேன் குப்பியில் ரப்பர் இலை: நாகர்கோவில் வடிவமைப்பு நிலையம் ஒன்றின் வேலை குறித்து

மார்த்தாண்டத்துக்கு அருகே என் மாமனார் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேன்பெட்டிகள் வைத்துத் தேன் எடுத்து வருகிறார். அந்தத் தேனைக் குப்பியில் அடைத்து விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, லேபிளை மாற்றுவதற்காக நாகர்கோவிலில் மூன்று பேர் நடத்தும் சிறிய வடிவமைப்பு நிலையம் ஒன்றை அணுகினேன். லோகோ, இரண்டு அளவுக் குப்பிகளுக்கான லேபிள், கடைப் பலகை ஆகியவற்றுக்குச் சேர்த்து 18,000 ரூபாய் வாங்கினார்கள். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

எங்கள் பழைய லேபிள் அச்சகத்தில் இலவசமாகச் செய்து தந்தது. ஒரு சூரியகாந்திப் பூ, அறுகோணத் தேனடை, கொழுத்த மஞ்சள் தேனீ, சிவப்புக் கரையிட்டு நிழல் விழுந்த எழுத்துகள் என்று தேன் கடைகளில் எங்கும் காணக்கூடியவை அத்தனையும் அதில் இருந்தன. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே தவிர, என்ன தவறு என்று சொல்லத் தெரியவில்லை.

வேலையை ஏற்ற இளம் வடிவமைப்பாளர், ஒரு கோடுகூட வரைவதற்கு முன், தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை வந்தார். இலையுதிர்த்த ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும் பருவம் அது. மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில்தான் தேன்நீர் ஊறுகிறது என்பதையும், இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வராமல் அந்த இலைக்காம்பிலிருந்தே வருகிறது என்பதையும் மாமனார் ஒரு தளிரைப் பறித்துக் காட்டி விளக்கினார். வடிவமைப்பாளர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, அப்படியென்றால் லேபிளில் பூ எதற்கு?" என்று கேட்டார். "பூவில்லாம தேனுண்ணு ஆரு மக்களே நம்புவா?" என்றார் மாமனார். எங்கள் தேனீக்கள் சூரியகாந்தியைக் கண்டிருக்கவே வாய்ப்பில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து வந்த லோகோவில் மூன்று சிற்றிலைகள் ஒரே கோட்டால் வரையப்பட்டு, அவை கூடும் இடத்தில் ஒரு துளி மட்டும் இருந்தது. தேனீ இல்லை, அடை இல்லை. எனக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. இத்தனை பணத்துக்கு இவ்வளவுதானா என்று வாய்விட்டும் கேட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வடிவமைப்பாளர் என் ஸ்டேட் பாங்க் பாஸ்புக்கைக் காட்டினார். ஒரு வட்டமும் அதன் நடுவில் சாவித்துளை போன்ற வெட்டும் கொண்ட அந்தச் சின்னம், 1971இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்தது. கட்டடத்தின் உச்சியிலும் விரல்நக அளவிலும் ஒரே மாதிரி அடையாளம் தெரிகிறது. எங்கள் இலையையும் குப்பி மூடியில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கியும், அட்டைப்பெட்டியில் குத்தும் ரப்பர் முத்திரையாக ஒரே மையில் பதித்தும் காட்டினார். பழைய தேனீ அந்த அளவில் வெறும் கறையாகத் தெரிந்தது. அதற்குப் பின் நான் வாதாடவில்லை.

தமிழ் எழுத்தில் அவர்கள் காட்டிய கவனம் தனியாகச் சொல்லத்தக்கது. ஆங்கில எழுத்துகளை விலக்கி விலக்கி வைப்பது போலத் தமிழையும் விலக்கினால், 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து சொல்லே சிதறிப்போகும். பழைய லேபிளில் இடத்தை நிரப்புவதற்காக எழுத்துகளைப் பக்கவாட்டில் இழுத்திருந்ததால், படுக்கைக் கோடுகள் மெலிந்தும் நிமிர்ந்த கோடுகள் தடித்தும் கிடந்தன. உருண்டைக் குப்பியில் ஒரு பார்வைக்கு லேபிளின் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும் என்பதால், நீண்ட பெயரை இரண்டு வரியாக மடித்தார்கள். எங்கள் பெயரில் உள்ள நான்கு புள்ளிகளையும் தேன்துளிகளாக்கலாம் என்று அங்கிருந்த மற்றொருவர் யோசனை சொன்னார். வாசிப்பதற்குத் தடையாக இருந்ததால் அவர்களே அதைக் கைவிட்டார்கள். கடைப் பலகைக்கு எழுத்தின் அளவைத் தீர்மானிக்க, மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழ் என்னை நிற்கவைத்து எதிர்வரிசைக் கடைகளின் பெயர்களைப் படிக்கச் சொன்னார்கள். நிழலும் கரையும் இட்ட எழுத்துகளில் ஒன்றைக்கூட என்னால் தடுமாறாமல் படிக்க முடியவில்லை.

ரப்பர் தேன் விரைவில் உறைந்து மணல்போல் ஆகிவிடும். சர்க்கரை கலந்திருக்கிறீர்கள் என்று குப்பியைத் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நான் விளக்கம் சொல்லி அலுத்திருந்தேன். "உறைவது இயல்பு, இளஞ்சூடான நீரில் குப்பியை வைத்தால் இளகும்" என்ற வரியைப் பின்பக்கப் பொடியெழுத்தில் புதைக்காமல் பெயருக்கு நேர்கீழே வைத்தது அவர்களுடைய முடிவு. திருப்பிக் கொண்டுவருவோர் இப்போது குறைந்திருக்கிறார்கள். நான் கொடுத்த பணம் அந்த ஒரு வரிக்கே தகும்.

நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்த மாதமும் ஆண்டும், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் என 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்பவற்றையும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும், சைவக் குறியையும் கேட்காமலே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். தேன் வணிகக்குறிப் பதிவில் 30ஆம் வகுப்பில் வரும், சிறுதொழில் செய்பவர் இணையவழியில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய் என்ற தகவலும் அவர்கள் சொன்னதே.

இனி குறைகள். கணினித் திரையில் ஒளிர்ந்த ஆரஞ்சு நிறம், அச்சாகி வந்தபோது செங்கல் நிறமாக மங்கியிருந்தது. திரை ஒளியால் காட்டும் நிறம் எல்லாவற்றையும் நான்கு மைகளால் கொண்டுவர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. காகிதத்தில் ஒரு மாதிரி எடுத்துக் காட்டியிருந்தால் ஆயிரம் லேபிள்கள் வீணாகியிருக்காது. அந்தச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்காகச் சேர்த்த மலையாள வரி இன்னும் மோசம். தமிழில் புள்ளிக்கு அத்தனை மெனக்கெட்டவர்கள், 'தேன்' என்ற மலையாளச் சொல்லின் கடைசியில் வரும் சில்லெழுத்து (நம் புள்ளிவைத்த மெய்யெழுத்தைப் போன்றது) உடைந்து அச்சாகியிருப்பதைக் கவனிக்கவில்லை. தக்கலையில் ஒரு மலையாள ஆசிரியர் சுட்டிக்காட்டித்தான் எனக்கே தெரிந்தது. வேலை முடிந்ததும் படக்கோப்பை மட்டும் அனுப்பினார்கள். பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பைப் பெற மூன்று முறை தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது. அது கைக்கு வராவிட்டால் நாளை வேறு அச்சகத்துக்குப் போக முடியாது. ஆகவே இவர்களிடமோ வேறு எவரிடமோ வேலை கொடுப்பவர்கள், முன்பணம் தரும்போதே அதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் 250 கிராம் குப்பிக்கான வேலையை அவர்களிடமே கொடுத்திருக்கிறேன். பொருளைத் தேடித் தோட்டம் வரை வந்த வேறு வடிவமைப்பாளரை நான் இந்த மாவட்டத்தில் சந்தித்ததில்லை. மலையாள வரியைத் திருத்திய லேபிள் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. காகிதத்தில் எடுத்த மாதிரியை அந்த ஆசிரியரிடம் காட்டிய பிறகே ஒப்புதல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.