இ.எஃப்.எம். 520 நிலக்கரி ஸ்டோக்கர் பாய்லர்: இயந்திரம் தேறுகிறது, வேலை பொருத்துவதில்தான்

குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் தண்ணீரைக் கரியால் காய்ச்சும் பாய்லர் இது; கரியைத் தானே ஊட்டிக்கொள்ளும் அமைப்புதான் ஸ்டோக்கர். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். இ.எஃப்.எம். என்பது 'எலக்ட்ரிக் ஃபர்னஸ்மேன்' என்பதன் சுருக்கம். ஆனால் வெப்பம் மின்சாரத்தில் வருவதில்லை. மின்சாரம் ஒரு மோட்டாரையும் ஒரு ஃபேனையும் சுற்றுவதோடு சரி. மற்றதெல்லாம் அமெரிக்காவின் வடகிழக்குப் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் கரி. ஸ்கூல்கில், லூசெர்ன், லாக்கவானா மாவட்டங்களில் நிலவறையில் கரித்தொட்டியோடு இருக்கும் வீடுகளுக்கு ஏற்ற இயந்திரம் இது.

வேறு கரியைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். ஆந்த்ரசைட் அதற்கு நேர் எதிர்முனை. கெட்டியானது, புகையில்லாதது, நீலச் சுடர் விட்டு எரியும். சாதாரண பிட்டுமினஸ் கரியைப் போட்டால் உருகிக் கட்டிபிடித்து எரிகலத்தை அடைத்துவிடும். அளவும் முக்கியம். இதற்கு வேண்டியது 'ரைஸ்' எனப்படும் சிறுமணிக் கரி, 3/16 முதல் 5/16 அங்குலம் வரை. தூள் அதிகம் கலந்த லோடு வந்தால் காற்று மேலேறாது, நெருப்பு மந்தமாகும்.

வேலை செய்யும் விதம் எளிது. தொட்டியிலிருந்து குழாய் வழியாக ஒரு திருகு கரியைத் தள்ளிவந்து, வட்டமான எரிகலத்தின் அடியிலிருந்து மேலே ஏற்றுகிறது. ஃபேன் காற்று கலத்தின் துளைகள் வழியே வருகிறது. எரிந்து முடிந்த சாம்பல் விளிம்பு தாண்டித் தானாகவே கீழே உள்ள தொட்டியில் விழும். கம்பி போட்டுக் கிளற வேண்டியதில்லை. இதுதான் இதன் பெரிய பலம்.

எவ்வளவு கரி தின்னும்? ஒரு பவுண்டு ஆந்த்ரசைட்டில் சுமார் 12,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு); 80 சதவீதம் தண்ணீருக்குப் போனால் 10,000. கடுங்குளிரில் மணிக்கு 50,000 பி.டி.யு. இழக்கும் வீட்டுக்கு மணிக்கு 5 பவுண்டு, நாளைக்கு 54 கிலோ. சாம்பல் 12 சதவீதம் என்று வைத்தால் தினமும் ஆறரை கிலோ. வெப்ப இழப்பு இதில் பாதிதான் என்றால் இந்த பாய்லர் அந்த வீட்டுக்குப் பெரிது. நெருப்பு எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி அணையும்.

பொருத்தும்போது முதலில் கவனிக்க வேண்டியது புகைபோக்கி. உள்ளே ஓட்டையில்லாத லைனர் இருக்க வேண்டும், வேறு எந்த அடுப்போடும் பகிரக் கூடாது. புகைக்குழாயில் கையால் திருப்பும் மூடி வைக்காமல், இழுவையைத் தானாகச் சமன்செய்யும் பாரோமெட்ரிக் டாம்பர் வையுங்கள். மானோமீட்டரில் (அழுத்தமானியில்) பார்த்து, இழுவையை 0.02 முதல் 0.04 அங்குல நீர் அளவு எதிர்மறை அழுத்தத்தில் நிறுத்துங்கள். இழுவை கூடினால் வெப்பம் வானத்துக்குப் போகும், குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். ஆந்த்ரசைட்டில் புகை நெடி இல்லாததால் மூக்கு எச்சரிக்காது. நிலவறையில் ஒன்று, படுக்கையறை மாடியில் ஒன்று என டிடெக்டர் கட்டாயம்.

குழாய் வேலையில் சறுக்குவோர் பெரும்பாலும் பழைய ஆயில் பாய்லரைக் காப்புக்காக வைத்துக்கொள்பவர்கள். இரண்டையும் இணையாக இணைத்து, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு போடாமல் விட்டால், கரி சூடாக்கிய தண்ணீர் அணைந்து கிடக்கும் ஆயில் பாய்லருக்குள்ளும் சுற்றி, அதன் புகைபோக்கி வழியே வெப்பத்தைக் கொட்டும். கரி ஏன் இவ்வளவு போகிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள். ஆளுக்கொரு செக் வால்வு, ஆளுக்கொரு புகைவழி. சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க் சேரும் இடத்துக்குப் பிறகுதான் பம்ப். டேங்கின் காற்றழுத்தம் 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு 30 பி.எஸ்.ஐ., அதற்கும் பாய்லருக்கும் நடுவே எந்த வால்வும் கூடாது. தண்ணீர் குறைந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் லோ வாட்டர் கட் ஆஃப் வேண்டும்.

வீடு வெப்பம் கேட்காத நேரத்திலும் கரி நெருப்பு சும்மா இருக்காது. அதனால் ஒரு ரேடியேட்டர் பாதையை வெப்ப வடிகாலாக ஒதுக்குங்கள். 200 பாரன்ஹீட் தாண்டினால் தனி அக்வாஸ்டாட் (தண்ணீரின் சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) அந்தப் பாதையைத் திறந்து பம்பை ஓட்ட வேண்டும். மின்சாரம் போனாலும் திறந்துகொள்ளும் வால்வாக அதை வைப்பது புத்திசாலித்தனம். சாதாரண ஓட்டத்துக்கு மேல் வரம்பு 180, கீழ் வரம்பு 160. குளியலுக்கான சுடுநீர்ச் சுருளையும் இணைத்தால் குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு போடாமல் விடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கரித்தொட்டி 4 அடி அகலம், 8 அடி நீளம், 4 அடி உயரம் என்றால் சுமார் 3 டன் பிடிக்கும். பக்கவாட்டுத் தள்ளல் பலமாக இருக்கும், வெறும் பிளைவுட் போதாது. அடித்தளத்தைத் திருகின் முனை நோக்கிச் சரியுங்கள். பலர் மறப்பது: திருகை வெளியே உருவ, அதன் நீளத்துக்குச் சமமான காலியிடம் விட வேண்டும். சுவரை ஒட்டி வைத்துவிட்டால் பிற்பாடு சுவரைத்தான் உடைக்க வேண்டும். கரியோடு மரத்துண்டோ போல்ட்டோ வந்தால் ஷியர் பின் உடையும். அதன் வேலையே உடைவதுதான். அந்த இடத்தில் கெட்டியான எஃகு போல்ட்டைச் செருகினால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ்.

இனி டியூனிங். கரி, ஊட்டும் சக்கரம் எத்தனை பல் நகர்கிறது என்ற கணக்கில் போகும். காற்றுக்குத் தனி அளவு. ஒரு மணி நேரம் விடாமல் எரியவிட்டு, கதவைத் திறந்து பாருங்கள். நடுவில் கங்கு, விளிம்பைச் சுற்றி ஓர் அங்குலம் அல்லது கொஞ்சம் கூடுதலாக வெளிறிய சாம்பல் வளையம். அதுதான் சரி. எரியாத கறுப்புக் கரி விளிம்பு தாண்டி விழுந்தால் காற்று போதவில்லை, அல்லது கரி அதிகம். வளையம் அகன்று நெருப்பு நடுவில் சுருங்கினால் காற்று மிகை. சாம்பல் உருகிக் கிளிங்கர் கட்டுவதும் அப்போதுதான். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி பாருங்கள்.

வெப்பம் தேவைப்படாத நேரத்தில் நெருப்பை உயிரோடு வைக்க ஒரு டைமர் இருக்கிறது. அரை மணிக்கு 3 நிமிடத்தில் தொடங்கலாம். குறைத்தால் அணையும், கூட்டினால் தண்ணீர் தானாகச் சூடேறி வடிகாலைத் திறக்கும். அணைந்துவிட்டால் கலத்திலுள்ள கரியின் மேல் மரக்கரியைப் பரப்பிப் பற்றவைத்து, ஃபேனை ஓட விடுங்கள். கங்கு பிடித்த பிறகு ஊட்டத்தைத் தொடங்குங்கள்.

குறை? சத்தம் இருக்கிறது, சாம்பல் தூசும் இருக்கிறது. சாம்பலை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் ஆறவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் அதைப் பனி உறைந்த பாதையில் தூவுவார்கள், வழுக்காமல் இருக்க. ஆனால் இதைவிடப் பெரிய எதிரி கோடைக்காலம். குழாய்களில் படிந்த சாம்பலில் கந்தகம் இருக்கிறது. ஈரக்காற்று பட்டதும் அமிலமாகித் தகட்டைத் தின்னும். நிறுத்திய அன்றே பிரஷ் போட்டு, வாக்குவம் செய்து, புகைக்குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள்.

பழையதை வாங்கப் போகிறவர்கள் இந்த வேலை நடந்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். புகை வெளியேறும் பகுதியின் அடித்தகட்டையும், கரிக்குழாயின் கீழ்ப்பக்கத்தையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான ஓசை வந்தால் விலையைப் பேசாமலே கிளம்பிவிடலாம்.