மூன்று நாளா, மூன்று வாரமா: குற்றாலம், கோட்டக்கல், தாம்பரம்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் வடசென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவில் பேச்சு இரண்டாகப் பிரியும். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டதா என்று தென்காசிப் பக்கத்து உறவினர்களுக்குப் போன் போட்டுக் கேட்பவர்கள் ஒரு சாரார். இந்த ஆண்டாவது கேரளத்துக்குப் போய் முழங்கால் வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்த்துவிட வேண்டும் என்று சீட்டுப் பணத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் மறு சாரார். இரு சாராரும் சொல்வது என்னவோ 'உடம்பைத் தேற்றிக்கொண்டு வரப் போகிறோம்' என்ற ஒரே வாசகம்தான். வெவ்வேறு காரியங்களுக்கு ஒரே பெயரை வைத்துவிடுவதால்தான் பலரும் ஏமாந்து திரும்புகிறார்கள் என்பது, கடந்த சில ஆண்டுகளாக அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த ஊர்களுக்குப் போய்வந்த பிறகு எனக்குப் பட்டது. ஆகவே குற்றாலத்தையும் கேரளத்து ஆயுர்வேத ஊரான கோட்டக்கல்லையும், பயணம் என்றே யாரும் கணக்கில் சேர்க்காத தாம்பரம் சானடோரியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஐரோப்பாவில் இதற்கென்றே வளர்ந்த ஊர்கள் உண்டு. செக் நாட்டின் கார்லோவி வாரி, ஜெர்மனியின் பாடன் பாடன், இங்கிலாந்தின் பாத் உள்ளிட்ட பதினோரு ஊர்களை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பூமியிலிருந்து பொங்கும் ஊற்று, அதில் எவ்வளவு குடிக்கலாம், எவ்வளவு நேரம் மூழ்கலாம் என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர், நடப்பதற்குச் சோலை, மாலையில் இசை என எல்லாமே அங்கே ஓர் ஊருக்குள் அடங்கிவிடும். நம் பக்கத்தில் தண்ணீர் ஓர் ஊரிலும் வைத்தியர் வேறோர் ஊரிலும் இருக்கிறார்கள். இரண்டில் எது வேண்டும் என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

முதலில் தண்ணீர். எழும்பூரில் இரவில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்தால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது ஆனியும் ஆடியும், அங்கே சீசன். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் முகத்தில் பூவாகத் தூவும் சாரலை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது கடினம். மணலியின் புகையும் எண்ணூரின் சாம்பலும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து ஒட்டிய உடம்புக்கு, ஆட்டோவில் போகும்போதே பாதி அலுப்பு கழன்றுவிடும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்களும் இந்தக் காற்றுக்காகவே குற்றாலத்தில் தங்கினார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். அதே வெள்ளைக்காரர்கள் சென்னையில் இருக்கும்போது காற்று வாங்கப் போன இடம் எண்ணூர் என்பதை இன்றைக்குச் சொன்னால் எண்ணூர்க்காரர்களே சிரிப்பார்கள்.

பேரருவி ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. ஆனால் நேராகத் தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே நிற்பவர்களுக்கு வருகிறது. தணிந்த வேகமே அப்படி இருக்கும்: உள்ளே நுழைந்த முதல் இரண்டு நொடி மூச்சு முட்டும், காது அடைக்கும், பக்கத்தில் நிற்பவர் கத்துவது வாயசைவாக மட்டுமே தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து தோளை நீட்டினால், நூறு கைகள் ஒரே நேரத்தில் பிடித்துவிடுவதுபோல் இருக்கும். வெளியே வந்து நிற்கும்போது உடம்பிலிருந்து ஆவி பறக்கும், பசி கிள்ளும். இந்த நீரில் மூலிகைச் சத்து கலந்திருக்கிறது என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. குளிரும் விழும் வேகமும் இறுகிய தசைக்குச் செய்வதே போதிய விளக்கமாகத் தோன்றுகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம், இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதே வேகம் ஆகாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அம்மாவைப் பேரருவியின் ஓரத்தில் சிதறும் தண்ணீரோடு நிறுத்திவிட்டேன். ஐந்தாகப் பிரிந்து விழும் ஐந்தருவி வயதானவர்களுக்கு இன்னும் வசதி. கூட்டம் குறைந்த வார நாளின் விடியற்காலை என்றால் சற்று நேரம் நின்று குளிக்கவும் இடம் கிடைக்கும்.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருப்பதால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அருவியில் கழுவும் பழைய வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். தண்ணீர் பெருகினால் போலீசார் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அப்போது முணுமுணுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. கீழே மழையே இல்லாதபோதும் மேலே மலையில் பெய்தால் வெள்ளம் வரும்.

குற்றாலத்தின் மிகப் பெரிய குறை, அது நம் விடுமுறைக்கு ஒத்துவராது என்பதுதான். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர்களுக்கு நீண்ட ஓய்வு கிடைப்பது மீன்பிடித் தடைக்காலத்தில். அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள். வலை இழுத்து இழுத்துத் தோளும் முதுகும் கெட்டுப்போன அந்த மனிதர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கையில் நேரமிருக்கும் அந்த இரண்டு மாதங்களில், கோடை மழை கைகொடுத்தாலொழியக் குற்றாலத்தில் வெறும் பாறைதான் தெரியும். அருவி விழத் தொடங்கும் வேளையில் படகு கடலுக்குப் போய்விட்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் மே விடுமுறைக்கும் இதே கதிதான். கோடையில்தான் போக முடியும் என்பவர்கள் குற்றாலத்தை விட்டுவிட்டுப் பாபநாசம் போகலாம். தாமிரபரணி வற்றாத ஆறு என்பதால் அங்குள்ள அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் குளிக்கலாம். சாரலும் குளிர்காற்றும் மட்டும் கிடைக்காது.

இனி வைத்தியம். வைத்தியரத்னம் பி. எஸ். வாரியர் 1902இல் தொடங்கிய ஆரிய வைத்திய சாலையால் பெயர் பெற்ற கோட்டக்கல், மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்ட்ரலில் இரவு மங்களூர் மெயில் ஏறி, காலையில் திரூரில் இறங்கினால் பேருந்திலோ ஆட்டோவிலோ போய்விடலாம். பயணத் தொல்லை குற்றாலத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

அங்கே முதலில் வைத்தியர் நாடி, நாக்கு, மலச்சிக்கல், தூக்கம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். அதன் பிறகே சிகிச்சை முடிவாகும். பிழிச்சில் என்றால், தொட்டி போலக் குடைந்த மரப்பலகையில் நோயாளியைப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்த துணியை ஆட்கள் இரு பக்கமும் நின்று பிழிந்துகொண்டே தடவுவார்கள். வழிந்த எண்ணெயை எடுத்து மறுபடி சூடாக்கி மறுபடி பிழிவார்கள். சூடு ஏறவும் கூடாது, ஆறவும் கூடாது. ஞவரக்கிழி என்றால், ஞவரை என்னும் மருத்துவ அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி மூலிகைக் கஷாயத்திலும் குழைய வேகவைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி ஒற்றித் தேய்ப்பார்கள். கஞ்சியும் பாலும் கலந்த வாசனை அன்று முழுவதும் உடம்பை விட்டுப் போகாது. இவையெல்லாம் ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று நாள் கணக்கில் நடப்பவை.

சிகிச்சையைக் காட்டிலும் கடினம் அதற்குப் பிந்தைய ஒழுங்கு. பகல் தூக்கம் கூடாது, காற்று முகத்தில் அடிக்கக் கூடாது, குளிர்ந்த நீர் கூடாது, அலைச்சல் கூடாது. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் வீட்டிலும் பத்தியம் இருக்க வேண்டும் என்பது மரபு. நண்டும் வஞ்சிரமும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டாத எங்கள் வீட்டில் அம்மா பதினான்கு நாள் சிகிச்சைக்குப் பிறகு இன்னுமொரு பதினான்கு நாள் கஞ்சியும் பயறும் சாப்பிட்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டை எல்லையில் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடுவதே பயணத்தின் பாதி இன்பம் என்று நினைப்பவர், கோட்டக்கல்லில் மூன்றாம் நாளே மூட்டையைக் கட்டிவிடுவார்.

பலன் என்ன என்று கேட்டால், அம்மாவுக்கு ஏழெட்டு மாதம் மாடிப்படி ஏறுவது எளிதாக இருந்தது. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், வலியும் வீக்கமும் அடங்கின. நாள்கணக்கில் அறை வாடகை, சிகிச்சைக் கட்டணம், உடன் இருப்பவரின் சம்பள இழப்பு என்று செலவு குற்றாலத்தைப் போலப் பல மடங்கு ஆகும். அருவிக் குளியலுக்குக் காசே கிடையாது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் ஆடி மாதமும் மலையாளிகளின் கர்க்கடகமும் கிட்டத்தட்ட ஒன்றே. மழைக்காலத்து அந்த மாதமே எண்ணெய்ச் சிகிச்சைக்கு உகந்தது என்று கருதப்படுவதால் அப்போது இடம் கிடைப்பது அரிது, முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். என்றாலும் சிகிச்சை ஆண்டு முழுவதும் நடக்கிறது. அதனால் தடைக்காலத்தில் ஓய்வாக இருக்கும் மீனவக் குடும்பத்துக்கு, பணம் மட்டும் இருந்தால், குற்றாலத்தைவிட இதுதான் பொருந்தும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று விற்கிறார்கள். அதைப் பற்றித்தான் எச்சரிக்க விரும்புகிறேன். 'மூன்று நாள், இரண்டு இரவு, ஆயுர்வேதப் புத்துணர்ச்சி' என்று கேரளத்துக் காயலோரத்தில் ஒரு விடுதி விளம்பரம் செய்திருந்ததை நம்பி, கோட்டக்கல்லுக்கு முந்தைய ஆண்டு அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். வைத்தியர் என்று யாரும் வந்து பார்க்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நெற்றியில் தாரை ஊற்றிய எண்ணெய் பாதியிலேயே ஆறிப்போயிருந்தது. குளிரூட்டிய அறையில் ஈரத் தலையோடு படுத்த அம்மா, ஊர் திரும்பும்போது சளியோடு திரும்பினார். அந்தப் பணத்தில் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு இரண்டு முறை போய் வந்திருக்கலாம்.

மூன்றாவது இடத்துக்குக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயரே உடம்பைத் தேற்றும் இடம் என்பதைச் சொல்கிறது. மருத்துவர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்றும் ஓய்வும் கிடைக்கும்படி ஒரு நலவாழ்வகம் தொடங்கினார். அதே சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வர்மம், ஒற்றடம், வேது எனப்படும் ஆவி பிடித்தல், தட்டலும் அழுத்தலும் இழுத்தலுமாக ஒன்பது வகை சொல்லப்படும் தொக்கணம் என்னும் உடம்பு பிடித்துவிடுதல் ஆகியவற்றைக் கற்ற மருத்துவர்களின் மேற்பார்வையில், சாதாரணக் குடும்பம் தாங்கும் செலவில் பெறலாம். காலையில் வரிசையில் காத்திருக்க வேண்டும், அருவியும் இல்லை, சாரலும் இல்லை, மாலையில் வீடு திரும்பினால் அதே தெரு, அதே குழாயடிச் சண்டை. இளைப்பாறல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆனால் வாரம் ஒருமுறை, மாதக்கணக்கில், விடாமல் போகக்கூடியது இந்த மூன்றில் அது ஒன்றுதான். நாள்பட்ட மூட்டுவலிக்கு அந்த விடாமை பெரிய விஷயம்.

வெந்நீர் ஊற்றுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, திருகோணமலை அருகே கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறாக இருக்கும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது ஐதிகம். வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் இடம் அது, மூழ்கிக் கிடக்கும் இடமன்று. அதற்காக மட்டும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

கையில் மூன்று நாள் இருந்து, நோய் என்று எதுவும் இல்லாமல் அலுப்பு மட்டும் இருந்தால், சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு ஆடியில் குற்றாலம் போகலாம். மூன்று வாரமும் பணமும் வாயைக் கட்டும் மனமும் இருந்தால் கோட்டக்கல். இரண்டும் இல்லையென்றால் சானடோரியம். எங்கள் வீட்டில் இப்போது அம்மா செவ்வாய்தோறும் காலையில் டிபன் டப்பாவோடு தாம்பரம் போகிறார். போகிற வழியில் அக்கம்பக்கத்து மூட்டுவலிக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். குற்றாலத்துக்கு இந்த ஆண்டு என்னையும் பிள்ளைகளையும் மட்டும் போகச் சொல்லிவிட்டார். வரும்போது ரம்புட்டான் வாங்கி வர வேண்டுமாம்.