ஷிப்ட் இன்சார்ஜ்களுக்கு அலோஹாவில் பயிற்சி: ஆறு வருட அனுபவம்

கடலூர் பக்கம், கடற்கரையை ஒட்டிய ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். 900 கிலோ குளோரின் டன்னர்கள் (பெரிய உருளைக் கலன்கள்) எங்களிடம் எப்போதும் இருப்பில் இருக்கும். ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில் நடத்தியாக வேண்டும். நடத்திக்கொண்டும் இருந்தோம். சைரன் ஒலிக்கும், எல்லோரும் அசெம்பிளி பாயிண்டுக்குப் போவார்கள், ஆள் கணக்கு எடுப்போம். தொழிலாளர்களுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் முடிவெடுக்க வேண்டிய ஷிப்ட் இன்சார்ஜுக்கு அதில் எடுக்க ஒரு முடிவும் இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

அதற்காகத்தான் அலோஹாவைக் கையில் எடுத்தேன். அமெரிக்காவின் நோவா (கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு), இ.பி.ஏ. (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) இரண்டும் சேர்ந்து உருவாக்கிய இலவச மென்பொருள். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். என்ன வாயு, ஓட்டை எவ்வளவு பெரிது, காற்றின் வேகம், திசை, மேகமூட்டம் எல்லாம் கொடுத்தால் ஆபத்துப் பகுதியைச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் வரைந்து காட்டும். குளோரினை ஒரு மணி நேரம் சுவாசிக்கும் கணக்கில் இந்த மூன்று நிறங்களின் எல்லைகள் முறையே 20, 2, 0.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு வாயு).

அந்தப் படங்களை ஓஹெச்பி ஷீட்டில் (ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள்) அச்சடித்து, மேசையில் விரித்த ஆலை வரைபடத்தின் மேல் வைப்பேன். இன்சார்ஜ் கையில் வாக்கி டாக்கி, என் கையில் ஸ்டாப்வாட்ச். அவ்வளவுதான் ஏற்பாடு.

இரண்டாம் வருடம் நடந்ததை மறக்க முடியாது. இருபது வருட அனுபவமுள்ள ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆடி மாதம், காலை 11 மணி, மேற்குக் காற்று, வாயு கடல் பக்கம் போகிறது என்று சொன்னேன். தயங்காமல் எல்லோரையும் மேற்கு கேட்டுக்கு அனுப்பினார். சரியான முடிவு. பன்னிரண்டாவது நிமிடம் ஷீட்டை மாற்றினேன்: கடல்காற்று ஏறிவிட்டது. சிவப்புப் பகுதி அப்படியே மேற்கு கேட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. வாக்கி டாக்கியை வாயருகே பிடித்தபடி நாற்பது வினாடி அவர் பேசவே இல்லை. அப்புறம், "அவங்கள வடக்கால நடத்துங்க, காத்துக்குக் குறுக்க" என்றார். அந்த நாற்பது வினாடியை அறையிலேயே கடந்துவிட்டார் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. அடுத்த மாதமே வடக்கு மூலையில் இரண்டாவது அசெம்பிளி பாயிண்ட் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வசதி வேறு. வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறித்தால், அங்கே வெளியிலும் வீட்டுக்குள்ளும் வாயு எவ்வளவு இருக்கும் என்று இரண்டு கோடுகளாகக் காட்டும். முன்பெல்லாம் பக்கத்து ஊர் என்றதும் எல்லோரும் "காலி பண்ணுங்க" என்பார்கள். வீட்டுக்குள் கோடு மெதுவாக ஏறுவதைப் பார்த்த பிறகு, கதவு ஜன்னலை அடைத்து உள்ளேயே இருக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறார்கள். வெளியே வாயு கடந்துபோன பிறகு உள்கோடு உயரத்திலேயே நிற்கும். அப்படியானால் எப்போது கதவைத் திறக்கச் சொல்வது? எங்கள் அறையில் நீண்ட நேரம் விவாதிக்கப்படும் கேள்வி இதுதான்.

குறைகளும் உண்டு. பாதியில் காற்று திரும்புவதை இது தானாகக் காட்டாது. அதனால்தான் திசைக்கு ஒரு ஷீட் அச்சடிக்கிறேன். மேடு பள்ளம், கட்டடம் எதையும் கணக்கில் எடுக்காது. ஒரு மணி நேரத்துக்கும் 10 கிலோமீட்டருக்கும் அப்பால் போகாது. இளம் பொறியாளர்கள் சிவப்புக் கோட்டைச் சுவர் மாதிரி நினைத்து, அதற்கு வெளியே நின்றால் போதும் என்கிறார்கள். ஒவ்வொரு பேட்சிலும் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கவலை, காற்றே அசையாத மார்கழி விடியற்காலை. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். ஆனால் காற்று குறையக் குறைய இந்தக் கணக்கின் நம்பகம் குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்து ஷிப்டுக்கு மட்டும் ஷீட்டே இல்லாமல் பயிற்சி கொடுக்கிறேன்: விண்ட் சாக் (காற்றின் திசை காட்டும் துணிக் குழாய்) தொங்கிக் கிடக்கிறது, டன்னர் வால்வ் கசிகிறது, யாரை எந்தப் பக்கம் அனுப்புவீர்கள்?