ஒன்லைனில் உளி, சீவுளி வாங்க இருப்பவர்கள் கவனம்: 41,500 ரூபா போய்விட்டது

ஆயுதம் விற்றவருக்கு அனுப்பிய மூன்றாவது வொய்ஸ் மெசேஜுக்கும் இன்று காலை வரை பதில் இல்லை. நீலக் கோடு மட்டும் விழுந்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறார்கள்.

மொத்தம் 41,500 ரூபா. 6 மி.மீ. முதல் 25 மி.மீ. வரை ஆறு உளிகள் 14,500, பலகை இழைக்கும் நாலாம் நம்பர் இரும்புச் சீவுளி 16,000, புறாவால் மூட்டு அறுக்கும் சின்ன வாள் 6,500, 90 பாகை பார்க்கும் மூலைமட்டம் 4,500. ஹட்டனுக்குக் கூரியர் கூலி புறம்பு. பக்கத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் திறப்பார்கள். தச்சு ஆயுதம் விற்கிற ஒன்லைன் பக்கம், விலாசம் கொழும்பு, போனில் கதைக்கிறவர் நம்ம மலையகத்துத் தமிழ். இது போதும், கண்டால் தெரிந்துகொள்வீர்கள்.

அந்தத் தமிழில்தான் விழுந்தேன். "நானும் தோட்டத்து ஆள்தான் அண்ணே, நம்ம ஆளுக்குப் பிழையான சாமான் குடுப்பேனா?" என்றார். கூடவே ஒரு வீடியோ. 20 மி.மீ. உளியைக் கையால் தள்ளுகிறார், சீவல் வெங்காயத் தோல் மாதிரிச் சுருண்டு வருகிறது. அதில் வெட்டுப்பட்டது அல்பீசியாப் பலகை, அதுவும் நார் ஓடுகிற திசையில். அல்பீசியாவை நார் போக்கில் சீவ மட்டமான உளிக்கும் முடியும். அதே பலகையின் வெட்டுமுனையில், அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முகத்தில், சீவிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். மெத்தென்ற மரத்தின் வெட்டுமுனைதான் உளியின் கூரைக் காட்டிக் கொடுக்கும். கூர் போதாவிட்டால் நார் அறுபடாமல் நசுங்கி, பொடிப் பொடியாகப் பிய்ந்து வரும். இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கேட்கவில்லை.

அடுத்த பிழை அதைவிடப் பெரியது. மொத்த விலை 43,500 என்றார். பார்சல் வந்த பிறகு காசு என்றால் அதே விலை, முழுக்காசையும் முன்கூட்டியே வங்கியில் போட்டால் 2,000 கழிவு. போட்டாயிற்று. திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுக்க இருந்த ஒரே வழியை 2,000 ரூபாவுக்கு நானே அடைத்துக்கொண்டேன்.

இனி உளிக்கு வருவோம். வேலை சின்ன மேசை. 45 மி.மீ. டர்பன்டைன் மரக் கால், 30 மி.மீ. குறுக்குச் சட்டம், கழுந்து (துளைக்குள் நுழையும் நாக்கு) சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒன்று, அதாவது 10 மி.மீ. துளை 30 மி.மீ. ஆழம். 10 மி.மீ. உளியின் முதுகைக் கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கி, 25 பாகையில் சாணை பிடித்து, வாயை (வெட்டும் விளிம்பை) 30 பாகையில் எண்ணெய்க்கல்லில் தீட்டினேன். மயிர் வழிக்கிற கூர். மரச் சுத்தியலால் நாலாவது அடியில் சத்தம் மாறியது. எடுத்துப் பார்த்தால் வாய் மடிந்திருக்கிறது. உடையவில்லை, பல் விழவில்லை, தகரம் மாதிரி ஒரு பக்கமாக மடிந்து நிற்கிறது. நகத்தை முதுகுப்பக்கம் ஓட்டினால் கொக்கி மாதிரித் தடுக்கிறது. 35 பாகைக்கு மாற்றித் தீட்டியும் ஆறு அடிதான் தாங்கியது.

போட்டோ அனுப்பியதும் வந்த பதில்: "டர்பன்டைன்லயா அடிச்சீங்க? அதுல எந்த உளியும் போயிரும் அண்ணே." பாதி உண்மை. டர்பன்டைன் மரத்தில் சிலிக்கா உண்டு, கூரைச் சீக்கிரம் தின்னும். ஆனால் சிலிக்கா கூரைத் தேய்க்கும், வாயை மடிக்காது. வாய் பொரிந்து விழுந்தால் இரும்பு அளவுக்கு மீறிக் கடினம். மடிந்தால் இரும்பு மெது. சந்தேகம் வேண்டாமென்று டர்பன்டைனைவிட மெதுவான சபுக்குக் கட்டையிலும் அடித்துப் பார்த்தேன். அதிலும் மடிந்தது.

பிறகு அரம். நல்ல உளியின் வாய்க்குப் பக்கத்தில் அரத்தை வைத்துத் தள்ளினால் 'கிரீச்' என்று வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது. பிடிப்பக்கம் தேய்த்துப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல உளியிலும் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் இருக்கும். இந்த ஆறிலும் வாயோரமே அரம் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கி, தூள் கொட்டியது.

ஒருவேளை நல்ல இரும்புதான், சூடு காட்டும்போது பிழைவிட்டார்களோ என்று 12 மி.மீ. உளியைக் கொல்லரின் உலையில் வைத்தோம். செக்கச் சிவந்து, காந்தம் ஒட்டாமல் போகிற பதம் வந்ததும் எண்ணெயில் தோய்த்தோம். கரி சேர்ந்த உருக்காக இருந்தால் அந்த நிமிஷமே கண்ணாடி மாதிரிக் கடினமாகும். பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை சுமார் 200 பாகை செல்சியஸில் பதப்படுத்தினால் அருமையான உளி. ஆனால் தோய்த்த பிறகும் அரம் இறங்கியது. அதாவது வெறும் இரும்பு, ஜன்னல் கம்பி இரும்பு. இதை எந்தச் சூடும் உளியாக்காது. கொல்லர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, உளிக்கு இரும்பு இதுதான் என்கிற மாதிரி மூலையில் கிடந்த லொறி ஸ்பிரிங் பிளேட்டைக் காலால் தட்டிக் காட்டினார்.

சீவுளியின் அடிப்பாகத்தில் ஸ்டீல் ரூலரை நிறுத்தி, கராஜில் இரவல் வாங்கிய ஃபீலர் கேஜை (இடுக்கு அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் வாய்ப்பக்கம் 0.4 மி.மீ. பள்ளம். மெல்லிய சீவல் எடுக்க வாயோரம் பலகையில் அழுந்த வேண்டும், இதில் முன்னும் பின்னும் மட்டும் உட்காருகிறது. கண்ணாடியில் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம், ஒரு நாள் வேலை. அலகின் மேல் உட்காரும் தகடும் சரியாகப் படியவில்லை. அந்த இடுக்கில் சீவல் நுழைந்து அடைத்துக்கொள்கிறது. 16,000 ரூபா சாமானுக்கு நாம் பட்டறை வேலை செய்து கொடுக்க வேண்டுமாம்.

மூலைமட்டம்: நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. 200 மி.மீ. தூரத்தில் இரண்டு கோடும் 3 மி.மீ. விலகின. விலகல் இரட்டிப்பாகத்தான் தெரியும், ஆகவே பிழை 1.5 மி.மீ. இதை வைத்துக் கோடு போட்டு அறுத்தால் கழுந்தின் தோள் காலோடு ஒட்டவே ஒட்டாது, பசை ஊற்றி நிரப்ப வேண்டியதுதான். இதற்கு விற்றவர் சொன்னது: "உங்க ஊரு ஈரத்துக்கு வளைஞ்சிருக்கும்." ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் ஐயா. வளையுமா?

வாளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பல் விரிப்பு (பற்கள் இரு பக்கமும் விலகி நிற்கும் அளவு) கொஞ்சம் கூட, இரண்டு பக்கமும் எண்ணெய்க்கல்லால் லேசாக இழுத்தால் சரி.

முறையிட்ட முதல் நாள் "போட்டோ அனுப்புங்க". அனுப்பினால் "வீடியோ அனுப்புங்க". வீடியோ போனதும் "ஸ்டோர்ஸ்ல கேட்டுச் சொல்றேன்". நாலு நாள் கழித்து, "தீட்டிட்டீங்களே அண்ணே, பாவிச்ச சாமான் மாத்த ஏலாது." தீட்டாமல் உளியை எப்படிச் சோதிப்பது? புது உளி எதுவும் தீட்டித்தான் மரத்தில் வைக்கிறது. கேட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த நீலக் கோடு. அண்ணே என்று கூப்பிட்டு 41,500 ரூபாவை எடுத்தவர் இப்போது அண்ணனின் போனையும் எடுப்பதில்லை.

எந்த மூட்டுக்கு எந்த ஆயுதம், எவ்வளவு விலை வரை கொடுக்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இன்றைக்கு இவ்வளவுதான்:

முழுக்காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள், கழிவு எவ்வளவு தந்தாலும்.

ஆறு உளி செட் வேண்டாம். 6, 12, 20 மூன்று நல்லதாக இருந்தால் வீட்டு வேலைக்குக் காணும். கடைக்கு அரம் கொண்டுபோங்கள். தேய்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மூலைமட்டத்தைக் கவுன்டரிலேயே திருப்பிப் போட்டுப் பாருங்கள், பென்சிலும் தாளும் போதும்.

பில் கேளுங்கள். எனக்கு வந்தது கடைப் பெயரில்லாத, கையால் எழுதிய துண்டு. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்தபோது முதலில் கேட்டதே பில்தான். வங்கி வைப்புச் சீட்டையும் வொய்ஸ் மெசேஜ்களையும் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். மடிந்த அந்த 10 மி.மீ. உளியை இனித் தீட்டப் போவதில்லை, அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.