ஏஆர்-15 மேகசின்கள்: 9 வருடம் புழங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

போன மாதம் 7-ஆம் நம்பர் மேகசினை வைஸ் இடுக்கியில் வைத்து நசுக்கிக் குப்பையில் போட்டேன். ஏஆர்-15 ரைஃபிளின் அடியில் மாட்டும், 30 தோட்டா பிடிக்கிற அலுமினியப் பெட்டி அது. முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள் என்பதால்தான் நசுக்கினேன். அதில் என்ன கோளாறு என்று பிடிபட எனக்கு ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், மூன்று நாட்கள் ஆயின.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே. 2016-ல் கிரீன் கார்டு வந்த பிறகுதான் ரைஃபிள் வாங்கினேன். எச்1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேட்டை லைசென்ஸ் மாதிரி சட்டம் அனுமதிக்கிற விதிவிலக்கு ஒன்று இல்லாமல், அந்த விசாவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். ஒரு மேகசின் எத்தனை தோட்டா பிடிக்கலாம் என்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் வரம்பு இல்லை. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 10, கொலராடோவில் 2013-லிருந்து 15. காரில் மாநிலம் தாண்டிப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

7-ஆம் நம்பருக்கு வருகிறேன். முதல் நாள், கடைசித் தோட்டா சுட்டு முடிந்ததும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டது. கை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, சுடும்போது தோட்டா உட்காரும் சேம்பரின் வாயில் முட்டிக்கொண்டு நின்றன. ரைஃபிளில்தான் ஏதோ என்று நினைத்து வீட்டில் போல்ட்டைக் கழற்றி, சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் வரை துடைத்தேன். மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. அதே ரைஃபிளில் 4-ஆம் நம்பரைப் போட்டேன், தங்குதடையில்லாமல் ஓடியது. திரும்ப 7-ஐப் போட்டேன், மறுபடியும் இரட்டைத் தோட்டா. கோளாறு மேகசினோடு நகர்கிறது என்றால் கோளாறு மேகசினில்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதட்டின் பின் மூலையில் தலைமுடி போல ஒரு விரிசல். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. உதடு விரிந்துவிட்டதால் மேல் தோட்டா போகும்போது அடுத்ததும் சேர்ந்து எழும்பியிருக்கிறது.

மேகசின்களுக்கு நம்பர் போட்டிருக்காவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஒரே மாதிரி பத்துப் பன்னிரண்டு பைக்குள் கிடந்தால், தகராறு செய்தது எது என்று எப்படித் தெரியும்? "என்னங்க, இதுக்கெல்லாமா நம்பர் எழுதுவீங்க?" என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டாள். இப்போது நோட்டை அவளும் புரட்டிப் பார்க்கிறாள். மேக்புல் கம்பெனியின் பிளாஸ்டிக் மேகசினான பீமேக் மூன்றாம் தலைமுறையின் உடம்பில் இதற்கென்றே சின்னச் சின்னப் புள்ளிக் கட்டம் இருக்கிறது. பெயின்ட் பேனாவால் நிரப்பினால் எண் அழியாமல் நிற்கும். நோட்டில் எழுதுவது நம்பர், தேதி, ஏறக்குறைய எத்தனை சுட்டது, என்ன தகராறு. அவ்வளவுதான்.

அதிகம் பேர் என்னிடம் கேட்பது ஸ்பிரிங் பற்றித்தான். "தோட்டா நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும், மாதம் ஒருமுறை காலி செய்து ஓய்வு கொடு" என்று எனக்கும் சொன்னார்கள். முதல் வருடம் அப்படியே செய்தேன். அந்த உழைப்பெல்லாம் வீண். நல்ல எஃகு ஸ்பிரிங், தாங்கக்கூடிய எல்லைக்குள் அமுங்கிச் சும்மா இருப்பதால் சோர்வதில்லை. புதிதாக இருக்கும்போது கொஞ்சம் அமுங்கிப் படியும், பிறகு அப்படியே நிற்கும். அமுக்கி விடுவதும், விட்டு அமுக்குவதும்தான் அதைத் தேய்க்கிறது. ஓய்வு கொடுக்கிறேன் என்று மாதாமாதம் காலி செய்து நிரப்பினால், தேய்மானத்தை நாமே கூட்டுகிறோம். வீடு மாறும்போது ஒரு பெட்டியின் அடியில் ஐந்து வருடமாக நிரம்பியே கிடந்த ஒரு பீமேக் கிடைத்தது. தோட்டாக்களை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப நிரப்பி ரேஞ்சில் சுட்டேன். எல்லாமே போயின, கடைசியில் போல்ட்டும் பின்னால் நின்றது.

அப்படியானால் மேகசின் எதனால் கெடுகிறது? விழுவதால், உதடு விரிவதால், உள்ளே மண் சேர்வதால். நிரம்பிய 30 தோட்டா மேகசின் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். அது உதடு கீழாக கான்கிரீட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக மாற்றிப் பழகும்போது காலி மேகசின் கீழே விழத்தான் செய்யும், பழக்கம் வேண்டுமென்றால் அதைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் ரேஞ்ச் மேகசின்கள் வேறு, வீட்டுப் பாதுகாப்புக்கானவை வேறு என்று பிரித்தேன். 4 முதல் 11 வரை ரேஞ்சுக்கு. விழட்டும், தேயட்டும், 15 டாலர் போல ஆகும் பொருள்தான். 1, 2, 3 வீட்டுக்கு. இந்த மூன்றும் தரையைத் தொட்டதில்லை.

ஆனால் கடையில் வாங்கிய புது மேகசினை நேராக வீட்டு சேஃபில் வைக்காதீர்கள். முதலில் ரேஞ்சில் நான்கைந்து தடவை முழுசாக நிரப்பிச் சுட்டு, ஒரு தகராறும் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் அதற்கு அந்த இடம். வீட்டுக்கு வைக்கும் அதே ரகத் தோட்டாவையும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சுழற்சிக்கு நான் வைத்திருக்கும் கெடு, கடிகாரம் மாற்றும் ஞாயிறு. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இங்கே கடிகாரத்தை மாற்றுவோம். அதை ஒட்டிய ரேஞ்ச் நாளில் 1, 2, 3 மூன்றும் வெளியே வரும். கடைசித் தோட்டா வரை சுட்டு, போல்ட் நிற்கிறதா என்று பார்த்து, வீட்டில் கழற்றித் துடைத்து, புதுத் தோட்டா நிரப்பி உள்ளே வைப்பேன். ஸ்பிரிங்குக்காக இல்லை, கண்ணால் பார்ப்பதற்காகத்தான் இந்தச் சுழற்சி. ஹூஸ்டன் ஈரத்தில் பித்தளைத் தோட்டாவில் களிம்பு பிடிக்கும். ஒருமுறை கழற்றாமல் விட்டிருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது சேஃபில் சிலிக்கா ஜெல் பை இருக்கிறது.

30 பிடிக்கிற மேகசினில் 28 நிரப்புவதா, 30 நிரப்புவதா? வியட்நாம் காலத்தில் 20 தோட்டா மேகசினில் 18 மட்டும் நிரப்பிய பழக்கத்தின் தொடர்ச்சி இது. பீமேக்கில் 30 நிரப்பினாலும் மூடிய போல்ட்டுக்கு அடியில் உட்காருகிறது. என் அலுமினிய மேகசின்களில் 30 நிரப்பினால் ஓங்கித் தட்ட வேண்டியிருந்தது, சில சமயம் கொக்கியில் மாட்டாமல் கையோடு வந்தது. நான் எல்லாவற்றிலும் 28. போட்டதும் ஒரு தள்ளு, ஒரு இழு. மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்ய அதுதான் வழி.

சேம்பரில் ஏற்றி ஏற்றி இறக்கும் ஒரே தோட்டாவையும் கவனியுங்கள். ஏஆரில் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போது அந்தப் பின் முன்னால் வந்து ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும், தட்டினால் பற்றும் மூடி) மெல்லத் தட்டி ஒரு சின்னக் குழி விடும். திரும்பத் திரும்ப ஏற்றினால் குண்டும் கூட்டுக்குள் இறங்கிவிடக்கூடும். அப்படி ஏற்றி இறக்கிய தோட்டாவில் மார்க்கர் கோடு போட்டு ரேஞ்ச் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது எங்கள் கராஜில் முழங்கால் அளவு தண்ணீர். ரேஞ்ச் பை அதிலேயே கிடந்தது. நாலு நாள் கழித்து ஒரு மேகசினைக் கழற்றினேன். அடித்தட்டை எடுத்ததும் குழம்பு மாதிரி வண்டல் வழிந்தது. ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையிலெல்லாம் சேறு. தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோயர் பாதி வழியில் சிக்கி நின்றது. நல்ல தண்ணீரில் அலசி, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவைத்தேன். ஒன்றில் மட்டும் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது, சில டாலரில் புதிது போட்டேன். மூழ்கிய தோட்டாக்களை மட்டும் ஒன்று விடாமல் ஒதுக்கினேன். வெளியே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே மருந்து நனைந்திருந்தால், குண்டு குழலுக்குள் சிக்கி, அடுத்த சூட்டில் குழல் வெடிக்கும் ஆபத்து உண்டு.

சாதாரண நாளில் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. பீமேக்கில் அடியில் இருக்கும் குமிழை அழுத்தி அடித்தட்டை நகர்த்தினால் ஸ்பிரிங் துள்ளும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. காய்ந்த பிரஷ், காய்ந்த துணி, போதும். எண்ணெய் வேண்டாம். ரைஃபிளுக்கு எண்ணெய் நல்லது, மேகசினுக்குள் அது எரியாத மருந்தையும் மணலையும் இழுத்துப் பசையாக்கும். சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது, மேகசினுக்குள் படியும் கரியில் ஈயம் இருக்கிறது. நான் கராஜில்தான் செய்கிறேன். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் போவேன்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் ரைஃபிளும் மேகசினும் பூட்டிய சேஃபில்தான், சேம்பர் காலி. டெக்சாஸ் சட்டப்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்தால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் வைத்திருப்பேன்.

7-ஆம் நம்பர் போன இடத்துக்கு 12 வந்திருக்கிறது. இதுவரை இரண்டு முறை முழுசாகச் சுட்டாயிற்று, தகராறு இல்லை. நவம்பரில் 1, 2, 3-ஐ எடுத்துப் போகும்போது இதையும் கொண்டு போவேன்.